பழந்துணி ஈவது தானமாகுமா?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் இல்லறத்தார்க்கு இன்றியமையாதவை. இவற்றுள் உணவைப் பற்றி நாம் நிரம்பச் சிந்தித்திருக்கிறோம். எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், எப்பொழுது உண்ண வேண்டும், நீரை எவ்வாறு வடிகட்ட வேண்டும் என்பனவெல்லாம் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்தவை. உடையைப் பற்றியோ அந்த அளவுக்கு நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பட்டு வேண்டா என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். அலமாரி நிரம்பியதும் பழையனவற்றை மூட்டையாகக் கட்டி எவருக்கேனும் கொடுத்துவிட்டு, தானம் செய்த மனநிறைவோடு துணிக்கடைக்குப் புறப்படுகிறோம். அது தானம்தானா என்பதே இங்கு நாம் ஆராய விரும்பும் கேள்வி.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் நுகர்பொருள்களை இருவகையாகப் பிரித்துள்ளார். ஒருமுறை நுகர்ந்ததோடு தீர்வது போகம்; மீண்டும் மீண்டும் நுகரத்தக்கது உபபோகம். உணவு முன்னதற்கும் உடை பின்னதற்கும் எடுத்துக்காட்டுகளாகும். இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வது இல்லறத்தார் நோன்புகளுள் ஒன்று. இன்றைய நிலை யாது? உபபோகத்தை நாம் போகமாக்கிவிட்டோம். ஒரு திருமணத்திற்கு உடுத்திய சேலையை மறு திருமணத்திற்கு உடுத்தக் கூசுகிறோம். பொத்தான் ஒன்று அறுந்துவிட்டால் சட்டையையே ஒதுக்கிவிடுகிறோம். உண்ட இலையை எறிவதுபோல் உடுத்த துணியை எறிகிறோம்.

துணியில் உயிர்க்கொலை ஏது என்று சிலர் வினவலாம். ஒரு பருத்தி டி-சர்ட் உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் தேவைப்படுவதாக மதிப்பிட்டுள்ளனர். சாயம் ஏற்றிய பின் வெளியேறும் நீர் எங்கே செல்கிறது? திருப்பூரின் நொய்யலாற்றைக் கேட்டால் சொல்லும். பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்த நீரைத் திறந்துவிட வேண்டா என்று உழவர்களே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யும் வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆற்றில் வாழ்ந்த மீனும் கரையில் விளைந்த பயிரும் பட்ட துன்பத்தில், தேவைக்கு மேல் துணி வாங்கிய நமக்கும் பங்குண்டு. நீரை வடிகட்டி அருந்தும் நாம் இதனைக் காணாமல் இருத்தல் தகுமா?

நம் முன்னோர் துணியை எளிதில் விட்டவர் அல்லர். பிறந்த குழந்தையின் மேனிக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, துவைத்துத் துவைத்து மென்மையான பழந்துணியையே தேடி எடுத்தனர். தாயின் நூற்சேலை தூளியாயிற்று. தூளி கிழிந்தபின் அது அடுப்படியில் கைப்பிடித் துணியாயிற்று. தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் நான்கு பழஞ்சேலைக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் பேரம் பேசி வாங்காத வீடு இல்லை. ஆசிரியப் பயிற்சியின்போது நமக்கும் கிழிசலுக்கு ஒட்டுப்போடவும், இழையோட்டி ஓட்டையை மூடவும் கற்பித்தார்கள். அதற்கு மதிப்பெண்ணும் இருந்தது.

ஆயினும் பழந்துணியைக் கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டென்பதைப் பணிக்காலத்தில் நாம் செய்த ஒரு பிழையால் அறிந்தோம். ஒரு பொங்கலுக்கு முன், வசதியுள்ள வீடுகளில் பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன உடைகளைத் திரட்டி, எளிய வீட்டு மாணவியருக்கு வழங்கினோம். காலை வழிபாட்டின்போது கொடுத்தவர் பெயர்களைப் படித்துக் கைதட்டவும் செய்தோம். மறுநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நீலப் பாவாடை உடுத்தி மகிழ்ச்சியோடு வந்தாள். விளையாட்டு நேரத்தில் வேறொரு சிறுமி, "அது என் பாவாடை, ஓரத்தில் இருப்பது நான் சிந்திய மை" என்றாள். அவள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை; கண்டதைச் சொன்னாள். நீலப் பாவாடைக்காரி மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நாம் அவள் வீட்டுக்குச் சென்றபோது, தாய் அந்தப் பாவாடையைத் துவைத்து மடித்து நம் கையில் கொடுத்தாள். "துணி நல்ல துணிதான் டீச்சர். அவள்தான் உடுத்த மாட்டேன் என்கிறாள்" என்றாள். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. துணியைக் கொடுத்தோம், அதனோடு சேர்த்து அதன் உடைமையாளரின் பெயரையும் அக்குழந்தையின் இடுப்பில் கட்டிவிட்டோம். விடாத பற்றோடு கொடுப்பது கொடையாகாது என்பதை நூல் கற்பிக்கவில்லை, அச்சிறுமி கற்பித்தாள்.

இந்தக் குறைக்கு மாற்றுண்டா? உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே ஆகிவிட்டால் கூச்சத்திற்கு இடம் ஏது? இரண்டாம் உலகப்போரின்போது, 1941 சூன் மாதம் முதல் பிரித்தானியாவில் துணிக்குப் பங்கீடு வந்தது. பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாமல் உடை வாங்க இயலாது. அப்போது மகளிர் தொண்டு அமைப்பினர் குழந்தைகளுக்கான உடைமாற்று நிலையங்களை நடத்தினர். தாய்மார் தம் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன உடையைக் கொண்டுவந்து கொடுத்து, அளவு பொருந்தும் வேறோர் உடையைப் பெற்றுச் சென்றனர். எல்லாரும் கொண்டுவந்தனர், எல்லாரும் எடுத்துச் சென்றனர். நம் நாட்டிலும் 1999இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, சிற்றூர் மக்கள் குளம் தூர்வாரல், கிணறு தோண்டல், பாதை செப்பனிடல் போன்ற பொதுப்பணி செய்து அதற்கு ஈடாக உடை பெறும் முறையைக் கைக்கொண்டது. உடுத்துவோரின் மானத்தைக் காப்பது இரண்டிலும் முதன்மை பெற்றது.

இதற்கும் ஒரு தடை எழுப்பலாம். செலவில்லாமல் உடை மாறும் என்றால் ஆசை பெருகாதா? வாரம் ஒரு சேலை மாற்றலாமே என்று மனம் அலையாதா? நேரிய தடை இது. பொருளைவிடப் பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் கூறுகிறது. எண்ணிக்கை மாறாவிடினும் மயக்கம் வளரலாம். ஆதலின் மாற்றுக்கு முன் அளவு வேண்டும். எனக்கு இத்தனை உடை போதும் என்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். அந்த வரையறைக்குள் நடக்கும் மாற்றே நோன்புக்குத் துணையாகும். வரையறை இல்லாத மாற்று, கடைக்குப் போகும் வழியில் ஒரு திண்ணையாகவே முடியும்.

மாற்றுவதற்கும் முற்பட்டது செப்பனிடுதல். கிழிந்ததைத் தைக்க அமர்பவர் அந்தத் துணியை உற்று நோக்குகிறார். நெசவும் சாயமும் தையலும் எத்தனை கைகளின் உழைப்பு என்பது அப்போதுதான் அவருக்குப் புலனாகிறது. ஓர் ஊசியும் ஒரு முழ நூலும் கொண்டு ஒரு புதுத்துணியின் தேவையைத் தவிர்த்தவர், தாம் காணாத ஓர் ஆற்றுக்கு அன்று அபயம் அளித்தவராகிறார்.

நம் ஊர்களில் இதனைச் செய்வது கடினமன்று. சூன் மாதத்தில் பள்ளி திறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்தில் கூடலாம். துவைத்து, பொத்தான் தைத்து, கிழிசல் நீக்கிய உடைகளை மட்டுமே ஏற்கலாம். அளவுவாரியாக அடுக்கலாம்; பெயர் எழுதுதல் கூடாது. ஓர் உடைக்கு ஓர் உடை என்பதே விதியாகட்டும். கொண்டுவர இயலாதவர் அடுக்கும் வேலையில் பங்கேற்று ஈடு செய்யலாம். தையற்காரர் ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, இளையோருக்கு ஒட்டுப்போடக் கற்பிக்கச் செய்யலாம். இன்றியமையாத விதி ஒன்றுண்டு: வசதியுள்ளோரும் எடுத்துச் செல்ல வேண்டும், எடுத்ததை உடுத்தவும் வேண்டும். கொண்டுவந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் பெருந்தன்மை, மீண்டும் அந்த நீலப் பாவாடையிலேயே கொண்டுபோய் விடும்.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பழந்துணி ஈவது தானமாகுமா? புதியதற்கு இடம் செய்வதற்காக ஈந்தால் ஆகாது. பிறர் உடுத்ததை நாமும் மகிழ்ந்து உடுத்த முடியுமாயின், நாம் உடுத்ததைப் பிறருக்கு ஈயும் தகுதி நமக்கு வரும். இவ்வயதில் நாமும் தங்கை மகளின் நூற்சேலையை உடுத்திக்கொண்டே இதனை எழுதுகிறோம். முந்தானையில் ஓரிடத்தில் இழையோட்டியிருக்கிறோம். கண்பார்வை மங்கியதால் தையல் சற்றுக் கோணல்தான். சேலை இன்னும் பல ஆண்டுகளுக்கு வரும்.

அன்பர்கள் சிந்திப்பார்களாக. அறம் வளர்க!