ஆழ்வான் எழுத்தாணியை வைத்த இடம்



வங்கிப் பணியில் இருந்த நாள்களில் வாடிக்கையாளர்களின் கணக்கு எண்களைப் பேரேட்டைப் பாராமலே சொல்லும் பழக்கம் நமக்கு இருந்தது. அந்தத் துணிவில்தான் ஓய்வு பெற்றபின் திருவாய்மொழி ஸந்தையில் சென்றமர்ந்தோம். 1102 பாசுரங்கள். ஸ்வாமி ஒருமுறை ஸாதிக்க, நாம் இருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். மாலையில் சொன்னது காலையில் நெஞ்சில் நிற்பதில்லை. அருகில் அமரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோ மறுநாளே பிழையின்றிச் சேவிக்கிறான். நமக்கு இதற்கு அதிகாரம் இல்லையோ என்று தளர்ந்திருந்த வேளையில் கூரத்தாழ்வானின் சரித்திரம் நினைவுக்கு வந்தது.

போதாயன வ்ருத்தியைத் தேடி எம்பெருமானார் காச்மீரம் எழுந்தருளினார். பெற்றுவந்த ஸ்ரீகோசத்தை அங்குள்ளோர் வழியிலேயே பறித்துச் சென்றனர். உடையவர் திருவுள்ளம் கலங்கி நிற்க, இரவுதோறும் அதை வாசித்து நெஞ்சில் கொண்டிருப்பதாக ஆழ்வான் விண்ணப்பித்தார். பக்தி இருந்தால் போதும், கற்பது எதற்கு என்பாரோடு நாம் உடன்படாததற்கு இதுவே காரணம். ஸ்ரீபாஷ்யத்துக்கு அந்த நினைவாற்றல் வேண்டியிருந்தது.

அந்த ஸ்ரீபாஷ்யத்தை உடையவர் சொல்ல, ஆழ்வான் எழுதி வந்தார். தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆத்மாவின் ஸ்வரூபம் ஜ்ஞாத்ருத்வம், அதாவது அறியும் தன்மை, என்று உடையவர் அருளிய இடத்தில் எழுத்தாணி நின்றது. உடையவர் சீறினார். ஆழ்வான் எழுதவில்லை. பின்பு ஆராய்ந்தபோதுதான் எம்பெருமானுக்கு அடிமையாயிருக்கும் சேஷத்வத்தைச் சொல்லாமல் அறிவை மட்டும் சொன்ன குறை உடையவருக்குப் புலப்பட்டது. ஆழ்வானின் கருத்தையே ஏற்றருளினார்.

எழுத்தாணியை வைத்தவர் யார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு நூல் முழுவதையும் நெஞ்சில் தாங்கி வந்தவர்! அறியும் ஆற்றலைப் பெருமையாகக் கொள்ள அவரைவிடத் தகுதியுடையார் யார்? காசாளர் நாள்தோறும் இலட்சக்கணக்கில் எண்ணுகிறார். எண்ணிக்கை பிசகினால் அவரே பொறுப்பு. ஆனால் அதில் ஒரு ரூபாயும் அவருடையதன்று. தம் மேதையை ஆழ்வான் அவ்வாறே வைத்திருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் கையிருப்போ நாளுக்கு நாள் குறைகிறது. நாளை திருநாமமும் மறந்துபோனால்? சொல்லக் கூசினாலும், நம் வயதினர் பலருக்கும் உள்ள அச்சம் இதுவே. வராஹ சரம ச்லோகத்தில் எம்பெருமான் இதற்கு விடை அருளியுள்ளான். மனமும் உடலும் நலமாயிருக்கையில் தன்னை நினைத்தவன், முடிவில் கட்டைபோலும் கல்போலும் கிடக்கும்போது, தானே அவனை நினைத்துப் பரமகதி சேர்ப்பிப்பதாகச் சொல்கிறான். அப்போது நினைக்கும் பொறுப்பு நம்முடையதன்று.

இப்போதைக்கு நினைக்க இயல்கிறது. நாளை மாலை ஸந்தை. சென்ற வாரப் பதிகத்தில் 3 பாசுரங்கள் இன்னும் நிற்கவில்லை. சற்று முன்னதாகப் போய் அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ள எண்ணியிருக்கிறோம்.