அறுபட்ட ஓசை

கொல்லிமலையில் ஐயாற்றங்கரையில் எழுந்தருளியுள்ள அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கச் செல்வோர் ஆற்று மீன்களுக்கு உணவிட்டு வணங்குவது வழக்கம். அம்மீன்களை ஒருவர் பிடித்து அறுத்துச் சமைக்கப் புக, துண்டங்கள் தாமே பொருந்தி உயிர்பெற்று நீரில் துள்ளின என்பது அத்தலத்து ஐதிகம். அறுபட்டது முழுமையாக மீளுமா என்ற இவ்வினாவைக் கடலோசையைப் பதிவு செய்யும் விஞ்ஞானிகளும் வேறு துறையில் நின்று எதிர்கொள்கின்றனர்.

1993-இல் சென்னையில் நிறுவப்பெற்ற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார், கரையோர நீரில் ஹைட்ரோபோன் என்னும் நீரடி ஒலிவாங்கிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, காற்றும் மழையும் கப்பலும் பிராணிகளும் எழுப்பும் ஓசையைப் பதிந்திருக்கின்றனர். நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் விரைந்து வரும் அழுத்த அலை இடையறாதது; கருவியோ வினாடிக்கு இத்தனை தடவை என்று அதனைத் தொட்டுப் பார்த்து, தடவைக்கு ஓர் எண்ணை மட்டும் குறித்துவைக்கிறது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று, நைக்விஸ்ட் 1928-இல் காட்டிய வழியைப் பின்பற்றி ஷானன் 1949-இல் நிரூபித்தார்: ஓசையிலுள்ள மிக விரைவான அதிர்வின் இருமடங்குக்கு மேல் மாதிரி எடுத்தால், விடுபட்ட இடைவெளிகளையெல்லாம் அவ்வெண்களிலிருந்தே மீட்டுவிடலாம்.

அந்நிபந்தனையை மீறினால் விளையும் விபரீதமே தத்துவ விசாரத்துக்கு உரியது. ஆழமற்ற வெப்பக் கடல்களில் வாழும் சொடுக்கு இறால் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை, மனிதச் செவிக்கு எட்டாத அதிர்வுகள் வரை பரந்து நிற்பது. வினாடிக்கு 20,000 மாதிரி எடுக்கும் கருவியில் அதன் 15,000 அதிர்வுள்ள கூறு புகுந்தால், 5,000 அதிர்வுள்ள ஓசையாக வேஷம் பூண்டு பதிவில் ஏறிவிடும். வேதாந்திகளின் கயிற்றரவு விளக்கைக் கொணர்ந்த மாத்திரத்தில் ஒழியும். இப்பொய்யோசையோ மெய்யோசையோடு ஒரே எண்ணாகக் கலந்துவிடுவதால், பின்னர் எத்தனை ஞானம் வந்தாலும் பிரிவதில்லை. வடிகட்டுவதாயின் அறுப்பதற்கு முன்பே வடிகட்ட வேண்டும்.

சப்தம் நித்தியம், உச்சாரணம் அதனை வெளிப்படுத்துகிறது, அவ்வளவே என்பர் மீமாம்சகர். அது தோன்றி அழிவது, அலையிலிருந்து அலை பிறப்பதுபோல் பிறந்து பிறந்து செவியை அடைவது என்பர் நையாயிகர். கோப்பிலே கிடக்கும் கடலோசை கேட்கும்போதெல்லாம் மாறாமல் எழக் காண்பவர்க்கு, மீமாம்சகரே வென்றார் என்று தோன்றலாம். ஆனால் எளிய வேவ் கோப்பொன்றின் முதல் 44 பைட்டுகளில் ஓசையே கிடையாது. வினாடிக்கு எத்தனை மாதிரி, எத்தனை சேனல், மாதிரிக்கு எத்தனை பிட் என்ற குறிப்புகளே உண்டு. இத்தலைப்பு இல்லாமல் வெறும் எண்களாகச் சேமித்த பதிவுகளும் உள. அவற்றின் குறிப்பேடு தொலைந்து, வினாடிக்கு 96,000 என எடுத்ததை 48,000 என்று எண்ணி ஒலிக்கவிட்டால், கடல் ஒரு ஸ்தாயி இறங்கி இரட்டிப்பு நேரம் முழங்கும். இரண்டிரண்டு பைட்டுகளின் முன்பின் மாறினாலோ வெறும் இரைச்சலே மிஞ்சும். எண்களில் ஒன்றேனும் அழியவில்லை, ஓசை மட்டும் போயிற்று. பொருத்தும் முறை அறியாதவன் கையில் மீன் துண்டம் கறிதானே!

ஆகவே கோப்பில் இருந்தது ஓசையன்று, அதனை மீண்டும் பிறப்பிப்பதற்கான சங்கேதமே என்று கொண்டு, என் மனம் நையாயிகர் பக்கம் சாய்கிறது. சொல்லைப் பொருளோடு பிணிக்கும் சங்கேதத்தை ஏற்படுத்துவது ஈசுவர இச்சை என்றனர் அவர்களுள் பழையோர். யாருடைய இச்சையாயினும் அமையும் என்றனர் பின்வந்தோர். 1991-இல் ஐபிஎம்மும் மைக்ரோசாப்டும் கூடி வகுத்த வேவ் வடிவத்துக்குப் பின்னவர் கொள்கையே பொருந்தும்.