முடிக்கப்போகிறவன்

திருச்சியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு ஷெட் இருக்கிறது. அதில் ஒன்பது வருடமாக ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் நிற்கிறது. நிற்கிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்திருக்கிறேன். இறக்கிய இன்ஜின் ஒரு மூலையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. கார்புரேட்டர் பிஸ்கட் டப்பாவில். நட்டு போல்ட்டெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்களில், ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் லேபிள்: 'முன் சஸ்பென்ஷன்', 'இடது கதவு', 'எதுன்னு தெரியல'. மூன்றாவது பாட்டில்தான் இருப்பதிலேயே பெரியது.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் பேசினான். அவனும் ஒரு ஹெரால்ட் வைத்திருக்கிறான். அவன் தாத்தாவுடையது. இன்ஜின் ஓடுகிறது, சேசிஸ் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எப்போதோ நடந்த விபத்தில் முன்பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. "உங்க வண்டி பானெட் நல்லா இருக்குதுன்னு கேள்விப்பட்டனுங்ணா. வண்டியவே குடுத்தாலும் எடுத்துக்கறனுங்க" என்றான். எடுத்து என்ன செய்வாய் என்று கேட்டேன். தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னான். "பிரிச்சுருவனுங்ணா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

*

ஹெரால்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தூக்கமின்மை புரியாது. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த கார் இது. வரைந்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிகெலோட்டி. 1960-களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இதைத் தயாரித்தது. பம்பாயில் ஃபியட், கல்கத்தாப் பக்கம் அம்பாசிடர் என்றால், மெட்ராஸ் கார் இதுதான். பின்னாளில் இந்தியாவுக்கென்றே நாலு கதவு வைத்தும் ஒன்று வந்தது. என்னுடையது 1967 மாடல், இரண்டு கதவு.

இதன் பானெட் விசேஷம். மற்ற கார்களில் இன்ஜின் மேலே உள்ள மூடி மட்டும் திறக்கும். இதில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து கார் மூஞ்சி மொத்தமும் ஒரே துண்டாக முன்னால் சாயும். அழகு அதுதான், சிக்கலும் அதுதான். அது நசுங்கினால் இன்னொரு ஹெரால்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொரு விஷயம், இதன் பாடி தனி, சேசிஸ் தனி. பாடியை சேசிஸ்மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதனால் மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் சேசிஸ் செல்லரித்த மாதிரி ஆகியிருக்கும். என் வண்டிக்கு நடந்தது அதுதான். பானெட் தங்கம், சேசிஸ் சல்லடை.

இதுவரை ஒரு லட்சத்து எண்பதாயிரம் போட்டிருக்கிறேன். முடிக்க இன்னும் மூன்று, நாலு லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக் பாய். அவருக்கே இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. போன தடவை பார்த்தபோது, "சீக்கிரம் ஒரு முடிவு பண்ணுங்க தம்பி. நானும் பழைய மாடல் ஆயிட்டேன்" என்றார்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு முழங்கால் ஆபரேஷன் ஆனது. அந்த ஷெட்டை ஒரு அறையாக மாற்றினால் அவர் மாடி ஏற வேண்டியதில்லை. நான் பேச்சை எடுத்தபோது அம்மாவே, "வண்டி நிக்கட்டும்டா, நான் மெதுவா ஏறிக்கறேன்" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஒருநாளைக்குப் பதினெட்டுப் படி, குறைந்தது இரண்டு தடவை.

*

பொருளாதாரம் படித்த நண்பன் ஒரே நிமிடத்தில் தீர்ப்பு சொன்னான். போட்ட பணம் போனது போனதுதான்; இனிமேல் ஆகப்போகும் செலவையும் கிடைக்கப்போகும் பயனையும் மட்டும் பார். இதற்கு ஒரு பிரபலமான ஆய்வையும் காட்டினான். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு பேர் 1985-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் எதிர்பாராத தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், ஆனால் கொடுத்த காசு அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது.

சரிதான். ஆனால் அந்தத் தர்க்கத்தை அப்படியே கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நடந்து முடிந்தது எதுவும் இன்றைய முடிவைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றால், கொடுத்த வாக்கு என்ன ஆகும்? வாக்கும் நடந்து முடிந்த விஷயம்தானே. போன வருடம் "செய்கிறேன்" என்று சொன்னது இந்த வருடம் என்னைக் கட்டுவதால்தான் அதற்கு வாக்கு என்று பெயர். ஆக, கடந்தகாலம் இரண்டு வகை. ஒன்றை எழுதித் தள்ளிவிடலாம், இன்னொன்று கழுத்தைப் பிடிக்கும். பணம் முதல் வகை. எனக்கு இரண்டாவது வகையும் ஒன்று இருந்தது.

இந்தக் காரை எனக்கு விற்றவர் புதுக்கோட்டையில் ஒரு பெரியவர், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2015-இல் நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கொடுத்தார். சாவியை என் கையில் வைத்துவிட்டு உடனே விடவில்லை. "ஓட்டுவீங்கள்ல தம்பி?" என்றார். "கண்டிப்பா ஐயா. ஒரு வருஷத்துல உங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து ஹாரன் அடிக்கறேன்" என்றேன்.

அந்த ஹாரன் இன்னும் அடிக்கவில்லை.

*

விற்க முடியாததற்கு இந்த வாக்குதான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் போன் வந்த பிறகு சந்தேகம் வந்தது. வாக்கை அவ்வளவு மதிக்கிறவன் ஒன்பது வருடத்தில் அவருக்கு ஒரு போனாவது பண்ணியிருக்க மாட்டானா?

நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது வேறு ஒருவனை. அவன் பெயர் 'முடிக்கப்போகிறவன்'. அவனுக்கு வெல்டிங் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து ஷெட்டுக்குப் போவான். பொறுமைசாலி. கையில் கிரீஸ், முகத்தில் நிம்மதி. கார் அங்கே இருக்கும்வரை அவனும் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். காரை விற்றால் அவன் வரமாட்டான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வந்துசேராத அவனுக்கு இடம் போட்டு வைத்துவிட்டு, தினமும் வீட்டில் இருக்கிற அம்மாவைப் படியேற விட்டிருக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலரிடம் கார் இருக்காது. பாதியில் நிற்கும் ஒரு நாவல் இருக்கலாம். அதை இதோடு ஒப்பிடலாம், ஆனால் பாதிதான். நாவல் டிராயரில் பத்து வருடம் கிடந்தாலும் எழுதிய பக்கம் அழியாது. இரும்பு அப்படி இல்லை. 'அப்புறம் பார்க்கலாம்' என்று நாம் சொல்கிற ஒவ்வொரு மழைக்காலத்திலும் துரு தன் வேலையைச் செய்கிறது. காரைப் பொறுத்தவரை முடிவெடுக்காமல் இருப்பது என்று ஒன்று இல்லவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காயலான் கடைக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

முடியாத வேலைக்கு நம்மிடமே இரண்டு உதாரணம் உண்டு. புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' முடியாமலேயே நின்றது. அப்படியேதான் வாசிக்கிறோம். 1954-இல் கல்கி இறந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் மகள் ஆனந்தி குறிப்புகளை வைத்து எழுதி முடித்தார். முதலாவதில் குறை குறையாகவே காப்பாற்றப்பட்டது, இரண்டாவதில் வேலை கை மாறியது. இரண்டுமே கௌரவமான வழிகள். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: யாருக்கும் கொடுக்காமல், தானும் தொடாமல் 'என்னுடையது' என்று பூட்டி வைப்பது. ஒன்பது வருடமாக நான் செய்தது அது.

*

ஆனாலும் 'பிரிச்சுருவனுங்ணா' என்ற சொல் குத்தியது. வாங்குகிறவன் முழுசாக ஓட்டுவான் என்றால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். பிரித்தால் என் கார் இருக்கிறதா, இல்லையா?

பழைய கேள்விதான். தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பலா என்று ப்ளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் கேட்டார். நம் ஊரில் அரசாங்கமே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது அது. அந்தக் கணக்கில் என் கார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. முடித்தாலும் அதன் சேசிஸில் பாதிக்குமேல் புது இரும்பாகத்தான் இருக்கும்.

தத்துவம் படித்தவர்கள் இந்தக் கேள்வியைப் பொருளிடம் கேட்கிறார்கள். வாக்கு கொடுத்தவன் ஆளிடம் கேட்க வேண்டும். வாக்கை காருக்குக் கொடுக்கவில்லை, ஒரு மனிதருக்குக் கொடுத்தேன். என்னை விடுவிக்கவோ கட்டி வைக்கவோ அவரால் மட்டும்தான் முடியும். இவ்வளவு எளிமையான விஷயத்துக்கு வந்துசேர எனக்கு இத்தனை வருடம் ஆனது.

போன் பண்ணினேன். முதலில் அடையாளம் தெரியவில்லை, சொன்னதும் தெரிந்தது. "வண்டி ரெடியா தம்பி?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். சேசிஸ், அம்மா, கோயம்புத்தூர்ப் பையன், பிரிப்பது.

'பரவால்ல தம்பி, நீங்க என்ன செய்வீங்க' என்பார் என்று எதிர்பார்த்தேன் போல. அவர் அப்படிச் சொல்லவில்லை. "அன்னைக்கு இன்னொருத்தர் அம்பத்தஞ்சு கேட்டாரு. காயலான் கடைக்காரர். நீங்க ஓட்டுறேன்னு சொன்னதாலதான் பத்தாயிரம் கம்மியா உங்களுக்குக் கொடுத்தேன். முடியலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்ல? எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேரு கேட்டுட்டே இருந்தாங்க. அப்ப சேசிஸும் இவ்வளவு மோசமில்ல."

பதில் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பத்தாயிரம் என் வாக்கின் விலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "அதெல்லாம் வேணாம்" என்றார், கொஞ்சம் கோபமாகவே. பிறகு, "அந்தப் பையன் வண்டி ஓடுமா?" என்று கேட்டார்.

"ஓடும் ஐயா. பானெட் மட்டும்தான் பாக்கி."

"அப்ப கொடுங்க. ஓடறப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை. வாக்கிலிருந்து விடுவித்தார். இரண்டும் ஒன்றல்ல என்று அன்று புரிந்தது. முடிக்க முடியாமல் போனது தவறில்லை. பணம், உடம்பு, நேரம் எதுவும் நம் கையில் இல்லை. 'என்னால் முடியாது' என்று தெரிந்த நாளில் அதைச் சொல்லாததுதான் தவறு. அன்றே சொல்லியிருந்தால் முழுக் காராகவே வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

கோயம்புத்தூர்ப் பையனைக் கூப்பிட்டு விலை பேசினேன். அவன் சொன்னதில் பத்தாயிரம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். புதுக்கோட்டை நம்பரைக் கொடுத்து, "வண்டி கிளம்பின அன்னைக்கு இவருக்கு போன் பண்ணு. முடிஞ்சா நேர்ல போய் ஹாரன் அடி" என்றேன். "கண்டிப்பா பண்றனுங்ணா" என்றான். நானும் அன்று இதே 'கண்டிப்பா'வைத்தான் சொன்னேன். அதனால், முடியாவிட்டாலும் போன் பண்ணிச் சொல்லிவிடு என்றும் சேர்த்துச் சொன்னேன்.

வருகிற ஞாயிறு மினி லாரி வருகிறது. கொத்தனாரைத் திங்கட்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டில்களையும் கட்டிவைத்துவிட்டேன். 'எதுன்னு தெரியல' பாட்டில் உட்பட. அவனுக்காவது தெரியட்டும்.