நாரையின் பசியும் நமது அமானிதமும்

சென்ற மாதம் ஃபேரர் பார்க்கில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓவன் ரோட்டுப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் ஒன்று அது. பின்கட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, சிவப்பும் வெள்ளையுமான ஜப்பானியக் 'கோய்' கெண்டைகளை வளர்த்து வருகிறார். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் ஓடுவது அந்தத் தொட்டிக்குத்தான். ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்று நண்பர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னிரண்டு மீன்களில் ஐந்தைக் காணோம். ஆறாவது மீன் முதுகில் துளைபட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்திக் கொண்டிருந்தது.

"சுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், தம்பி! தொட்டிக்கு நடுவே என் இடுப்பு உயரத்துக்கு ஒரு நாரை நிற்கிறது. என்னைக் கண்டும் அசையவில்லை. இனி விடப்போவதில்லை. நைலான் வலை வாங்கி வந்திருக்கிறேன். தளர்த்திப் போட்டுவைத்தால் கால் சிக்கிக்கொள்ளும். அப்புறம் இருக்கிறது அதற்கு!" என்றார்.

"சிக்கிக்கொண்ட பிறகு என்ன செய்வீர்கள், நானா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வினா மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் சிந்தித்துப் பார்த்தால் அவ்வளவு சிறியதன்று. மீனும் அல்லாஹ்வின் படைப்பு; நாரையும் அல்லாஹ்வின் படைப்பு. ஒன்றைக் காத்தால் மற்றொன்று பசித்திருக்கிறது. ஒன்றின் பசி தீர்ந்தால் மற்றொன்று மாள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனிதனின் கடமை யாது?

இதற்கு இரண்டு சுலபமான விடைகள் உண்டு. ஒன்று, நாரை திருடன். திருடனைத் தண்டிப்பது நியாயம் என்பது. மற்றொன்று, நாரைக்கு விதித்த ரிஸ்கை அது தின்றுவிட்டுப் போகிறது; தடுக்க நாம் யார் என்பது. இரண்டையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

திருட்டு என்பது பிறர் உடைமை என்று அறிந்தே எடுப்பது. நாரைக்குப் பட்டாவும் தெரியாது, மதில் சுவரும் தெரியாது. ஆழமில்லாத தண்ணீர், அதில் அசையும் மீன். அது அறிந்த உலகம் இவ்வளவே. சாம்பல் நாரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 முதல் 500 கிராம் வரை மீன் வேண்டும். அதற்கு வேறு தொழில் இல்லை, சேமிப்பு இல்லை, கடன் கொடுப்பார் இல்லை. நானா என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையில் தேக்கா மார்க்கெட் பை ஒன்று இருந்தது. அதற்குள்ளும் மீன்தான்! நாம் மீன் தின்றால் உணவு, நாரை தின்றால் கொலையா?

அன்றியும், இந்த இடத்துக்குப் புதிதாய் வந்தவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். நாம் அன்றாடம் நடக்கும் சிராங்கூன் சாலையின் பெயருக்கு மூலம் என்னவென்று ஆராய்ந்தவர்களில் பலர், சதுப்பு நிலத்தில் திரிந்த 'ரங்கோங்' என்னும் நீண்ட காலுள்ள பறவையின் மலாய்ப் பெயரே அது என்று கருதுகிறார்கள். சாலைக்கே அந்த இனத்தின் பெயர் என்றால், பாத்தியதை கொண்டாட நமக்கு வெட்கமாக இருக்க வேண்டாமா? போதாக்குறைக்கு, இந்த நகரமே அவற்றைத் திரும்ப அழைத்திருக்கிறது. சுங்கை பூலோ ஈரநிலத்தை 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். பீஷானில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக் கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆற்றை 2012ல் வளைந்து நெளிந்து ஓடும் இயற்கை ஆறாக மாற்றினார்கள். நாரைகள் வந்தன. விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் கல்லெறிவது எந்த ஊர் நியாயம்? சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 2020 ஜூன் முதல் அமலில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றிப் பறவையைக் கொல்வதும் பொறிவைத்துப் பிடிப்பதும் குற்றமாகும்.

ஆகவே முதல் விடை நில்லாது. இரண்டாவது விடையோ பார்வைக்குப் பக்தியாகவே இருக்கிறது. ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதக்காவாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நம்மில் யாருக்கும் இது தெரியாததன்று. அப்படியானால் ஐந்து மீன்களையும் ஸதக்காவாக எண்ணிப் பேசாமல் இருந்துவிடலாமே என்று சிலர் கூறலாம்.

தமிழ்நாட்டில் செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள வேடந்தாங்கல் மக்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் வாழ்ந்தார்கள். தங்கள் ஏரிக்கு வரும் நாரைகளையும் கொக்குகளையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து காவல் உரிமைக்கு எழுத்து மூலமான உத்தரவும் பெற்றார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாயிற்று. கொடுத்தது வீண்போகவில்லை.

ஆனால் வேடந்தாங்கல் வேறு, முழங்கால் ஆழத் தொட்டி வேறு. ஏரி மீனுக்கு ஓட இடமுண்டு; ஒளியப் பாசியும் புல்லும் உண்டு; உடம்பின் நிறமே சேற்றின் நிறம். ஆண்டவன் நாரைக்குக் கூரிய அலகைக் கொடுத்தான். மீனுக்கும் தப்பிக்கும் வழியைக் கொடுத்தான். நம் தொட்டி மீனுக்கு அந்த வழி எங்கே?

'கோய்' மீனின் கதையைக் கேளுங்கள். அதன் முன்னோர் சேற்று நிறக் கெண்டைதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜப்பானில் நீகாத்தாப் பகுதி விவசாயிகள், உணவுக்காக வளர்த்த கெண்டைகளிலே சிவப்பும் வெள்ளையும் கண்டவற்றைத் தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கினார்கள். 1914ல் தோக்கியோ கண்காட்சிக்கு வந்த பிறகு அதன் புகழ் பரவியது. அதாவது, மீன் போர்த்தியிருந்த போர்வையை உருவியவன் மனிதன். அது தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகத் தண்ணீரை வடிகட்டியவன் மனிதன். கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று ஆழத்தைக் குறைத்தவனும் அவனே. போதாததற்கு, கரையில் ஓர் உருவத்தின் நிழல் விழுந்தால் தீனி வருகிறது என்று மேலே வரவும் பழக்கிவிட்டோம். நாரையின் நிழல் விழுந்தபோதும் அந்தப் பேதை மீன் தீனிக்காகத்தான் வாயைத் திறந்து வந்திருக்கும்!

இங்கேதான் இன்னொரு போதனை என் நினைவுக்கு வந்தது. பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றி நபிகளார் எச்சரித்ததை நாம் மதரஸாவிலேயே கேட்டிருக்கிறோம். அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. தானே தேடித் தின்னும்படி அவிழ்த்துவிடவும் இல்லை. பூனை தெருவிலே பசியால் செத்திருந்தால் அவள்மேல் அந்தக் கேள்வி எழுந்திராது. கட்டிவைத்ததனால்தான் எழுந்தது. ஓர் உயிரின் இயற்கையான வழியை அடைத்தவன் அந்த வழிக்குப் பொறுப்பாளியாகி விடுகிறான். அமானிதம் என்பதன் பொருள் இதுதான்.

மரத்தின் பழத்தைத் தானம் செய்யலாம். அடைத்துவைத்த உயிரை அலட்சியத்தால் பறிகொடுத்துவிட்டு அதற்குத் தானம் என்று பெயர் சூட்டலாமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லவா தவக்குல் வைக்கச் சொல்லியிருக்கிறது!

ஆகவே முடிவு இது: மீனைக் காப்பது கடமை, நாரையைப் பகைப்பது தவறு. காக்கும் செலவும் சிரமமும் தொட்டி கட்டியவன் தலைமேல் விழவேண்டுமே தவிர, பறவையின் உயிர்மேல் விழக்கூடாது.

செய்வது கடினமா என்றால், இல்லை. நாரை நீரில் மூழ்கி மீன் பிடிப்பதில்லை, நின்று பிடிப்பது. தொட்டி ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழமும், படியில்லாத செங்குத்துச் சுவரும் உடையதாக இருந்தால் அதற்குக் காலூன்ற இடமில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஹவுளில் மீன் விட்டிருப்பார்கள், கொசுப்புழுவைத் தின்னட்டுமென்று. ஒளு செய்யும் அந்த ஹவுளை ஆழமாகக் கட்டி மேலே கூரையும் போட்டிருந்தால் நாரை அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஆழப்படுத்த முடியாதவர்கள் அடியில் அகலமான மண்குழாய்களைப் போட்டால் மீன் புகுந்துகொள்ளும். அல்லிக்கொடி படர்ந்தாலும் மறைவுதான். வலை போடுவதானால் சட்டத்தில் பூட்டி விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். தொளதொளத்த மெல்லிய நைலான் வலையில் நாரை மட்டுமன்று, வௌவாலும் பாம்பும் சிக்கி அணுஅணுவாகச் சாகும். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் நாரையை நட்டுவைப்பது கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் வேலை. இரண்டொரு நாளில் உண்மை நாரை அதன் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

இவ்வளவையும் நானாவிடம் சொன்னபோது அவர் தயங்கியது ஒரே விஷயத்துக்குத்தான். "சட்டமும் வலையும் போட்டால் பார்வைக்கு அழகு போய்விடுமே, தம்பி!" என்றார். மனம் திறந்து சொன்னார். அதற்காக அவரை மதிக்கிறேன். உண்மையான வழக்கு நாரைக்கும் மீனுக்கும் நடுவே இல்லை. மீனின் உயிருக்கும் நம் கண்ணின் ஆசைக்கும் நடுவே இருக்கிறது. அந்த வழக்கை மறைப்பதற்கு நாரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

மறுவாரம் போனபோது மரச்சட்டத்தில் வலை விறைப்பாகப் பூட்டியிருந்தது. முதுகில் துளைபட்ட மீன் பிழைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் அதை மாமரத்தடியில் புதைத்திருந்தார்கள். மற்ற ஆறும் குழாய்க்குள் போவதும் வருவதுமாக இருந்தன. நாரை இரண்டு முறை வந்து மதில்மேல் நின்று பார்த்ததாம். பிறகு வாம்போ ஆற்றுப் பக்கமாகப் பறந்துவிட்டதாம். "அதன் ரிஸ்கு அங்கே இருக்கிறது" என்றார் நானா. அவர் குரலில் கோபம் இல்லை.

சகோதரர்களே! நம் காவலில் இருப்பவை மீன்கள் மட்டுமா? பிள்ளைகள் உண்டு, வீட்டில் வேலைக்கு வந்திருப்பவர்கள் உண்டு, நம்மை நம்பி ஊரை விட்டு வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் மதிலுக்கு வெளியே இருப்பவனைப் பழிப்பது எளிது. நாம் கட்டிய தொட்டியின் ஆழத்தை அளந்து பார்ப்பதுதான் கடினம். ஆனால் நாளை நம்மிடம் கேட்கப்படுவது நாரையைப் பற்றி அன்று, தொட்டியைப் பற்றித்தான்.