ஐந்தாவது காரணம்

நியூஸிலாந்தின் தென் தீவில், டாஸ்மன் கடலின் அலை புரளும் குமாரா கடற்கரையிலிருந்து பசிபிக் சமுத்திரத்தை நோக்கியிருக்கும் கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் கரை வரையில், 243 கிலோமீட்டர் தூரத்தை ஓடியும், சைக்கிள் மிதித்தும், துடுப்பு வலித்தும் கடக்கிற 'கோஸ்ட் டு கோஸ்ட்' என்னும் பந்தயம், 1983-ஆம் ஆண்டில் ராபின் ஜட்கின்ஸ் என்பவரால் 79 பேரைக் கொண்டு ஆரம்பிக்கப்பெற்றது. யந்திரங்களைத் துணைக்கொள்ளாமல், தன் தேகபலம் ஒன்றைக் கொண்டே மனிதன் ஒரு தீவை அகலவாட்டில் தாண்டிவிடுகிறான் என்பது அதன் பெருமை. அப்பெருமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், 'தன் பலம் ஒன்றைக் கொண்டே' என்ற அந்தச் சொற்றொடரில் என் மனம் இடறி நின்றுவிடுகிறது.

எந்தக் கர்மமும் நிறைவேறுவதற்குச் சரீரம், கர்த்தா, கரணங்களாகிய இந்திரியங்கள், பலவகைப்பட்ட முயற்சிகள், இவற்றோடு ஐந்தாவதாகத் தெய்வம் ஆகிய காரணங்கள் வேண்டுமென்றும், இவையெல்லாம் இருக்கத் தன்னை மட்டுமே கர்த்தாவென்று கருதுகிறவன் உண்மையைக் காண்பதில்லையென்றும் கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சொல்லுகிறது. முதல் நான்கையும் இந்தப் பந்தயக்காரர்களிடம் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, ஐந்தாவதுதான் ஆராயத்தக்கது.

டிசெப்ஷன் நதியின் பள்ளத்தாக்கிலே, பாதையென்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இல்லாமல், பாறைக்குப் பாறை தாவியும், அந்த நதியையே திரும்பத் திரும்பக் கடந்தும், 1,070 மீட்டர் உயரத்திலுள்ள கோட் கணவாயை ஏறி, மறுபக்கத்தில் மிங்கா நதியோடு இறங்குவது இப்போட்டியின் மிகக் கடினமான பகுதி. மேல்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதிப் பெருமழையாகப் பொழிந்து நதி பெருகிவிட்டாலோ, மலை ஓட்டமே கைவிடப்பட்டு எல்லோரும் சாலை வழியாக அனுப்பப்படுகிறார்கள். மாதக்கணக்கில் பாறைகளில் பழகிய கால்களின் அப்பியாசம் ஓர் இரவு மழையில் பயனற்றுப் போகிறது.

அப்பால் வைமகரீரி நதியில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் படகுப் பிரயாணம். மாவோரி மொழியில் 'குளிர்ந்த நீர்' என்று பொருள்படும் அந்த நதி, பனியும் மழையும் கொடுத்த வேகத்தோடு தானே கிழக்கே ஓடிக்கொண்டிருப்பது. துடுப்பு வலிப்பவர் அதன் முதுகில் அமர்ந்து போகிறார். (அவருடைய படகு அந்த நதிக்கரைக்கு வந்து சேர்ந்தது நண்பர்களின் மோட்டார் வண்டியிலே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) கடைசியாகக் கான்டர்பரி சமவெளியில் மறுபடியும் சைக்கிள் ஏறும்போது, வடமேற்குக் காற்று முதுகைத் தள்ளினால் அது பாக்கியம், கடற்காற்று எதிரே எழுந்துவிட்டால் அதே கால்கள் அதே பாதையில் இருமடங்கு உழைக்க வேண்டியதுதான்.

பந்தயம் தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, மேற்குக் கரையின் பச்சைக்கல்லுக்காக இந்த மலைத்தொடரைக் கால்நடையாகக் கடந்தவர்கள் மாவோரிகள். அவர்கள் மரபில் பிரயாணத்துக்கு முன் கராகியா என்னும் பிரார்த்தனை உண்டு. ஐந்தாவது காரணத்தை அவர்கள் மறந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

காற்றும் வெள்ளமும் பௌதிக விதிகளேயன்றித் தெய்வமல்ல என்று ஆட்சேபிக்கலாம். கீதைக்குப் பாஷ்யம் செய்த சங்கரர், தெய்வமென்ற அச்சொல்லுக்கு இந்திரியங்களுக்கு அனுக்கிரகம் செய்யும் சூரியன் முதலிய தேவதைகள் என்று பொருள் கொள்ளுகிறார். இராமாநுஜரோ அந்தர்யாமியாகிய பரமாத்மா என்கிறார். எனக்கு இராமாநுஜரின் வழிதான் இங்கே ஆழமாகப் படுகிறது. ஏனெனில் அது ஆற்றையும் காற்றையும் விட்டுவிட்டுக் கைக்குள்ளேயே புகுந்து, அந்தப் பலம் யாருடையது என்று கேட்கிறது.

இப்பந்தயத்தில் ஒன்பது முறை வெற்றி பெற்ற ஸ்டீவ் கர்னி, போர்னியோவில் நடந்த வேறொரு பந்தயத்தில் தொற்றிய நோயினால் உயிர் பிழைப்பதே அரிதென்னும் நிலையில் படுத்துக் கிடந்தவர். அந்நாட்களில் கர்த்தா இருந்தார், சரீரம் இருந்தது, கரணங்கள் இருந்தன, முயலும் மனமும் இருந்திருக்கும், காரியந்தான் நடக்கவில்லை. பிற்பாடு எழுந்து, ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வெற்றி பெற்றாரே, அப்பொழுது அவரிடம் புதிதாக வந்து சேர்ந்தது எது? வைத்தியர் ஒரு விடை கூறுவார், பாஷ்யகாரர் வேறொரு விடை கூறுவார். இரண்டிலுமே துடுப்பு வலித்தவரின் பெயர் முதலில் வராது.