வாய்மையும் நினைவும்

நெஞ்சறியப் பொய்யுரையாதவர் கூறுவதெல்லாம் நடந்தவாறே இருக்கும் என்பது மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. உள்ளத்தொடு பொருந்துவது உண்மை, வாயொடு பொருந்துவது வாய்மை, உடலாகிய மெய்யொடு பொருந்துவது மெய்ம்மை என வகுத்துரைக்கும் விளக்கம் தமிழாசிரியர் அறிந்ததே. உள்ளம் தூயதாயின் சொல்லும் தூயதாகும் என்பது அதன் உட்கிடை. ஆயின், உள்ளமும் சொல்லும் தம்முள் ஒத்திருக்க, இரண்டுமே நிகழ்ந்ததற்கு மாறாகி நிற்பதும் உண்டு. அவ்வாறு பேசுபவர் பொய்யரா, வாய்மையரா?

1984ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், நள்ளிரவில் வீடு புகுந்த ஒருவனால் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். உயிருக்கு அஞ்சிய அவ்வேளையிலும் அவன் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ள அப்பெண் முயன்றார். காவலர் காட்டிய நிழற்படங்களுள் ரொனால்டு காட்டன் என்பவரின் படத்தைச் சுட்டினார். பின்னர் அணிவகுப்பிலும் காட்டனையே சுட்டினார். படத்தில் சுட்டியதும் இவரைத்தான் என்று காவலர் கூறவே, எஞ்சியிருந்த ஐயமும் நீங்கிற்று. 1987இல் நடந்த மறுவிசாரணையின்போது உண்மைக் குற்றவாளியே அவர்முன் கொண்டுவரப்பட்டான். அவனைத் தாம் கண்டதே இல்லை என்றார் அப்பெண். 1995இல் மரபணுச் சோதனை காட்டனை விடுவித்தது. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் அவர் சிறையில் கழித்துவிட்டார்.

அப்பெண் பொய் சொல்லவில்லை. நினைவு என்பது பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருளன்று. எடுக்குந்தோறும் புதிதாய்க் கட்டப்படுவது. கேம்பிரிட்ஜ் உளநூல் அறிஞர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். 1974இல் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பாமரும் கார்கள் மோதும் படமொன்றைக் காட்டி, ஒரு சாராரிடம் ‘இடித்தபோது’ வேகம் என்ன என்றும், மற்றொரு சாராரிடம் ‘நொறுங்க மோதியபோது’ வேகம் என்ன என்றும் வினவினர். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டனர். ‘இடித்த’ என்ற சொல்லைக் கேட்ட 50 பேருள் 7 பேரும், ‘நொறுங்க’ என்பதைக் கேட்ட 50 பேருள் 16 பேரும் கண்டதாகக் கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒரு வினைச்சொல்லின் வலிமை இது! இலக்கணம் கற்பிப்போர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

ஆகவே பொறுப்பு சொல்பவரோடு முடிவதில்லை. கேட்பவருக்கே அது மிகுதி. வகுப்பில் இரு மாணவர் சண்டையிட்டுக்கொள்ள, அருகிலிருந்த மூன்றாமவனை நோக்கி, “அவன்தானே முதலில் அடித்தான்?” என்று ஆசிரியர் கேட்பது அன்றாடம் நிகழ்வது. அச்சிறுவன் தலையசைக்கிறான், மறுநாள் அதனைக் கண்ணால் கண்டதாகவே நம்புகிறான். உரத்த குரலில் உறுதியாகச் சொல்பவனையே உலகம் நம்புகிறது என்பது வேறு. பின்னர் வந்து சேர்ந்த உறுதியையும் முதலில் இருந்த உறுதியையும் பிரித்தறிய அவனாலேயே இயலாது.

காட்டனும் அப்பெண்ணும் பின்னாளில் நண்பராகி, சாட்சியம் பெறும் முறை திருந்த வேண்டுமெனப் பலவிடங்களில் பேசினர். வட கரோலினாவில் 2007இல் இயற்றப்பட்ட சட்டப்படி, ஐயத்துக்குரியவர் யாரென அறியாத ஒருவரே அணிவகுப்பை நடத்த வேண்டும். குற்றவாளி அவ்வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்னரே சொல்ல வேண்டும். எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொற்களிலேயே அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.