அடியும் வன்முறையும்

2022ஆம் ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானின் லாகூர் நகரில் நடைபெற்ற சவேட் குத்துச்சண்டைப் போட்டியில் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி தங்கப் பதக்கம் வென்றார். சவேட் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் உருப்பெற்ற சண்டை விளையாட்டு. சப்பாத்து அணிந்த காலால் உதைப்பதும், கையுறை அணிந்த கையால் குத்துவதும் அதன் முறை. அவருடைய வெற்றியை நாம் கொண்டாடினோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆயினும் இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் கொண்டாட்டத்தின் அடியில் ஒரு சஞ்சலமும் கிடக்கிறது. உதையும் குத்தும் ஒரு விளையாட்டா? வன்னி மண் கண்ட வன்முறை போதாதா? அதைப் பிள்ளைகளுக்குப் பயிற்றவும் வேண்டுமா?

இக்கேள்வியை அறியாமையின் கேள்வி என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை 2009இல் மூட்டை முடிச்சோடு நடந்த மக்கள் கேட்கும் கேள்வி இது. குண்டுகளுக்கு நடுவே பதுங்கு குழிக்குள் பிள்ளையை அணைத்துக் கிடந்த ஒரு தாய், அதே பிள்ளை மேடையேறி முகத்தில் குத்து வாங்குவதைக் கண்டு மனம் பதறினால், அந்தப் பதற்றத்துக்கு நாம் தலைவணங்க வேண்டும். ஆனால் பதற்றத்துக்கு மதிப்பளிப்பது வேறு, அதையே தீர்ப்பாக ஏற்றுக்கொள்வது வேறு.

இந்தச் சஞ்சலம் உச்சத்தை அடைவது ‘கலப்புத் தற்காப்புக் கலை’ என்ற விளையாட்டைப் பற்றிப் பேசும்போதுதான். குத்துச்சண்டை, உதைச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, ஜுஜுட்சு அனைத்தும் ஒரே களத்தில் கலக்கும் இவ்விளையாட்டை இன்று நம் மாணவர் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். பெரியவர்கள் எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். தரையில் விழுந்தவன்மேல் இன்னொருவன் ஏறியிருந்து குத்துகிறான். இதைவிடக் காட்டுமிராண்டித்தனம் உண்டா என்று கேட்கிறார்கள்.

அவர்கள் அப்படிக் கேட்பதற்கு அவ்விளையாட்டின் வியாபாரிகளே முதற் காரணர். 1993 நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் முதற் பெரும் போட்டி நடந்தபோது, விதிகளே இல்லை என்பதைத்தான் அவர்கள் விளம்பரமாக விற்றார்கள். அது முழு உண்மையும் அன்று. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் அன்றே தடுக்கப்பட்டிருந்தன. ஆனால் ‘விதிகள் உண்டு’ என்று சொன்னால் சீட்டு விற்குமா? குரூரத்தைச் சரக்காக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள் பின்னர் அச்சரக்கின் பெயராலேயே அடிபட்டார்கள். 1996இல் செனட்டர் ஜோன் மக்கெய்ன் இதனை மனிதரை வைத்து நடத்தும் சேவற்சண்டை என்று சாடி, தடை செய்யுமாறு மாநில ஆளுநர்களுக்கு எழுதினார். நியூயோர்க் மாநிலம் 1997இல் விதித்த தடை 2016 வரை நீடித்தது. பிரான்சு 2020இல்தான் அனுமதித்தது.

சேவற்சண்டை என்ற அந்த உவமையைச் சற்றே ஆராய வேண்டும். சேவலின் காலில் கத்தியைக் கட்டுபவன் மனிதன். களத்தில் இறக்குபவனும் அவனே, பந்தயப் பணத்தை எண்ணுபவனும் அவனே. ‘நான் தோற்றேன், விடு’ என்று சொல்லச் சேவலுக்கு வாயில்லை. டென்வரில் நடந்ததோ வேறு. இறுதிச் சண்டையில் மோதிய இருவரில் ஒருவர் சவேட் வீரரான ஜெரார்ட் கோர்டோ, ஒல்லாந்துக்காரர். மற்றவர் பிரேசில் நாட்டு ரொய்ஸ் கிரேசி. ஏறத்தாழ 80 கிலோ எடையே உடையவர். அன்றிரவு தம்மினும் எடை கூடிய மூவரைக் கிரேசி வென்றார். அம்மூவரில் எவரையும் அவர் அடித்து மயக்கி வீழ்த்தவில்லை. பிடியில் அகப்பட்ட கோர்டோ கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார், சண்டை முடிந்தது.

அந்தத் தட்டல்தான் நாம் கவனிக்க வேண்டிய பொருள். கழுத்தோ கையோ பிடியில் சிக்கியவன் எதிராளியின் உடம்பையோ தரையையோ தட்டினால் போதும், மத்தியஸ்தர் சண்டையை நிறுத்துவார். வாய்விட்டுச் சொன்னாலும் சரி. பயிற்சிக் கூடத்தில் மாணவன் முதலாவதாகப் பழகுவதும் இதுவே: தான் தட்டுவதற்கும், மற்றவன் தட்டியவுடன் பிடியை விடுவதற்கும். நாளொன்றுக்குப் பத்து முறை தோற்று, பத்து முறையும் எழுந்து, தோற்கடித்தவனோடு கைகுலுக்குகிறான். நம் பாடசாலைகளில் தோல்வியை இவ்வளவு இயல்பாகக் கற்பிக்கும் பாடம் வேறு எது என்று ஆசிரிய நண்பர்கள் சொல்லட்டும்!

2000ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒருமித்த விதிகள் வகுக்கப்பட்டன. எடைப் பிரிவுகள், ஐந்து நிமிடச் சுற்றுகள், நீண்ட தவறுகளின் பட்டியல், மருத்துவ மேற்பார்வை எல்லாம் அதன்பின் நிலைபெற்றன. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், பத்தாண்டுக் காலப் போட்டிகளுக்குப் பின் எடுத்த மருத்துவப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் முடிவை அறிவித்தார்கள். 1,181 கலப்புச் சண்டை வீரரும் 550 குத்துச்சண்டை வீரரும் அதில் அடங்குவர். காயம்பட்டோர் முன்னவரில் 59.4 வீதம், பின்னவரில் 49.8 வீதம். ஆனால் நினைவிழந்தோர் கலப்புச் சண்டையில் 4.2 வீதமாக இருக்க, குத்துச்சண்டையில் 7.1 வீதமாக இருந்தனர். கண்ணுக்குத் தெரியும் இரத்தம் ஒன்றில் கூடுதல். கண்ணுக்குத் தெரியாத மூளைச் சேதத்தின் அபாயம் மற்றதில் கூடுதல். நாகரிக மேடை விளையாட்டு என்று நூறாண்டுக்கு மேலாக மதித்துவந்தது எதை, காட்டுத்தனம் என்று ஒதுக்கியது எதை என்று பாருங்கள்.

இதற்குக் காரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. குத்துச்சண்டையின் தடித்த கையுறை முக்கியமாகக் காப்பது அணிந்தவனின் கை எலும்பை. அதனால் எதிராளியின் தலையில் மேலும் மேலும் குத்த முடிகிறது. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் கலங்கிய மூளையோடு மீண்டும் அடிவாங்கலாம். கலப்புச் சண்டையில் அந்த எண்ணிக்கை இல்லை. ஒருவன் தன்னைக் காக்க இயலாதவனானான் என்று கண்டவுடன் மத்தியஸ்தர் குறுக்கே பாய்ந்து முடித்துவைக்கிறார்.

எனவே வன்முறையை அளப்பதற்கு இரத்தம் போதிய அளவுகோல் அன்று. ஒத்த எடையுடைய இருவர், விரும்பி, விதியறிந்து, வேண்டியபோது நிறுத்தும் உரிமையோடு மோதுவது ஒன்று. மறுக்கவும் விலகவும் வழியற்ற ஒருவன்மீது பலமுடையவன் தன் விருப்பைச் சுமத்துவது இன்னொன்று. இரண்டிலும் உடல் நோகலாம். இரண்டாவதே வன்முறை, அதற்கு அடி விழவேண்டும் என்ற அவசியங்கூட இல்லை. கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் இராணுவ முகாமின் முன்னே அமர்ந்து, வேலிக்கு அப்பால் இருந்த தம் சொந்தக் காணியைக் கேட்டார்கள். அந்த வேலியில் இரத்தக் கறை இல்லை என்பதால் அதைச் சாந்தம் என்று அழைப்போமா?

இவ்வளவு தூரம் வந்தபின் நம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துதான் ஆகவேண்டும். பெண்பிள்ளை உதைப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் அதே கை, மேசை இழுப்பறையில் பிரம்பைத் தேடுவதுண்டு. உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் கெட்ட வழக்கொன்றில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. வகுப்பறையில் எடைப் பிரிவு உண்டா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேசையில் தட்டினால் ஆசிரியர் நிறுத்துவாரா? அங்கே மத்தியஸ்தர் யார்? அந்த அடியை ‘கண்டிப்பு’ என்றும், மேடையில் இருவர் உடன்பட்டு மோதுவதை ‘வன்முறை’ என்றும் அழைப்பது மொழியின் குற்றமன்று. அதிகாரத்தின் பக்கம் நின்று பார்க்கும் பழக்கம் அது. போரிலே சிதைந்த பிள்ளைகளைக் கொண்ட மாவட்டங்களில் இப்பழக்கம் மும்மடங்கு கொடியது என்றே நாம் கருதுகிறோம்.

மற்போர் நமக்குப் புதிதுமன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றில் உண்டு. பழமை என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது. அந்நியம் என்று சொல்லி ஒதுக்க முடியாது என்பதற்காக மட்டுமே இதைக் குறிப்பிடுகிறோம்.

இவ்விளையாட்டின் வழக்கறிஞராக நாம் வரவில்லை. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும். உடன்பாடு என்ற சொல் அதை ஆற்றிவிடாது. வளரும் பிள்ளையின் உடன்பாடு முழு உடன்பாடும் ஆகாது. பசியால் மேடையேறுபவனின் உடன்பாட்டிலும் பாதி பசியினுடையது. அமெரிக்காவில் இவ்விளையாட்டின் மிகப் பெரிய நிறுவனத்தின்மீது வீரர்கள் 2014இல் வழக்குத் தொடுத்தார்கள். வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வீரரைச் சேர்ந்தது என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது. அந்நாட்டுக் கூடைப்பந்து வீரர்களோ ஏறத்தாழப் பாதியைப் பெறுகிறார்கள். 2025இல் 375 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது. முகத்தில் வழியும் இரத்தத்தைக் கண்டு பதறிய கனவான்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைக் கண்டு பதறினார்கள்?

வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் தாய் தந்தையர் கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். சவேட்டிலேயே ‘அசோ’ என்றொரு பிரிவு உண்டு. அதில் பலமாக அடிப்பது குற்றம். நுட்பமாகத் தொடுவதற்கே புள்ளி. பிள்ளைக்குப் பயிற்றுவது அதையா, மற்றதையா? தலைக்கவசமும் தரை விரிப்பும் இருக்கின்றனவா? அடிபட்ட பிள்ளையை அடுத்த வாரமே மேடையேற்றுவார்களா, மருத்துவர் சொல்லும்வரை காப்பார்களா? பிள்ளை தட்டியவுடன் விடுகிறார்களா? விடாத பயிற்றுநரிடமிருந்து அன்றே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். பாடசாலையிலிருந்து அப்படிக் கூட்டிக்கொண்டு வர அவர்களுக்கு வழியில்லை.